இசை மென்பொருளுக்குத் தனி ஒலி உண்டா? டிஏடபிள்யூ தேர்வுக்கு ஓர் அறிமுகம்

கணினியில் இசை செய்ய முனைகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எந்த மென்பொருளில் ஒலி நன்றாக வரும் என்பதே. லாஜிக்கில் மிக்ஸ் செய்தால் ஒலி வார்மாக, அதாவது இதமாக, இருக்கும், எஃப்எல் ஸ்டூடியோ பீட் போடுவதற்கு மட்டுமே ஆகும், புரோ டூல்ஸ் இல்லாமல் தொழில்முறைத் தரம் வராது என்று பதில்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. இவற்றை நம்பிச் சக்திக்கு மீறிய தொகையைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். கையில் இருந்த மென்பொருள் மட்டமானது என்று எண்ணி, பாதி முடித்த பாடலை அப்படியே விட்டவர்களும் இருக்கிறார்கள். கேள்வியே தவறான இடத்தில் நிற்கிறது என்பதுதான் என் கருத்து. இந்த மென்பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று பெரிதும் வேறுபட்டவை என்பது உண்மை. ஆனால் அந்த வேறுபாடு ஒலியின் தரத்தில் இல்லை, வேலை செய்யும் முறையில் இருக்கிறது. அது ஏன் என்று புரிந்துகொள்ள, கணினிக்குள் ஒலி என்னவாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டிஏடபிள்யூ என்பது என்ன

டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன் என்பதன் சுருக்கமே டிஏடபிள்யூ. ஒலியைப் பதிவு செய்வது, பதிவானதை வெட்டித் திருத்துவது, பல ஒலிகளைக் கலப்பது, கலந்ததை ஒரே கோப்பாக வெளியே எடுப்பது ஆகிய நான்கு வேலைகளையும் ஒரே இடத்தில் செய்ய உதவும் மென்பொருள் இது. புரோ டூல்ஸ், கியூபேஸ், லாஜிக் புரோ, ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டூடியோ, ரீப்பர், ஸ்டூடியோ ஒன், பிட்விக், கட்டற்ற மென்பொருளான ஆர்டோர் எனப் பல பெயர்கள் உண்டு. ஆப்பிள் கணினியோடும் ஐபோனோடும் விலையில்லாமல் கிடைக்கும் காரேஜ்பேண்டும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இவற்றுக்குள் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கும். ஒன்று, மைக் வழியாகப் பதிவான ஒலி. மற்றொன்று மிடி. 1983இல் வந்த இந்த ஏற்பாடு ஒலியை அனுப்புவதில்லை. எந்தச் சுரக்கட்டை, எவ்வளவு அழுத்தமாக, எப்போது அமுக்கப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற கட்டளைகளை மட்டும் அனுப்புகிறது. அந்தக் கட்டளையைப் பெற்றுக்கொண்டு ஒலியை எழுப்புவது வேறொரு கருவியோ மென்பொருளோ ஆகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "இந்த மென்பொருளில் வயலின் நன்றாக இல்லை" போன்ற பேச்சுகள் எழுகின்றன. அங்கே நன்றாக இல்லாதது அதனோடு இலவசமாக வந்த வயலின் ஒலிமாதிரிகளின் தொகுப்பு. வேறொரு தொகுப்பை அதே மென்பொருளில் போட்டால் வயலின் மாறிவிடும்.

ஒலி எண்ணாவது எப்படி

மைக்குக்கு முன்னால் நின்று பாடும்போது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குகிறது. மைக் அதை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. கணினியோடு இணைத்த ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டி, அந்த மின்னழுத்தத்தை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதுகிறது. அப்படி அளந்த ஒவ்வோர் எண்ணுக்கும் சாம்பிள் என்று பெயர். வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது சாம்பிள் ரேட். ஒலி வட்டுக்கு இது 44,100. திரைப்படத்துக்கும் காணொளிக்கும் வழக்கமாக 48,000.

ஒவ்வோர் எண்ணையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பதற்கு பிட் டெப்த் என்று பெயர். 16 பிட்டில் 65,536 படிநிலைகள் உண்டு. 24 பிட்டில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல் உண்டு. வீட்டில் வைத்துப் பதிவு செய்யும் சாதாரண இன்டர்ஃபேஸ்களே இன்று 24 பிட்டில் பதிகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த அளவெடுப்பு முழுவதும் மென்பொருளுக்கு வெளியே நடந்து முடிந்துவிடுகிறது என்பதுதான். அறையின் எதிரொலி, மைக்கின் தன்மை, பாடகருக்கும் மைக்குக்கும் இடையிலான தூரம், இன்டர்ஃபேஸின் தரம் ஆகியவை சேர்ந்து எண்களை முடிவு செய்துவிட்ட பிறகே அவை மென்பொருளுக்கு வந்து சேர்கின்றன. வந்த எண்களை அது அப்படியே வட்டில் எழுதிவைக்கிறது. ஆகவே ஒரே பாட்டை ஒரே அறையில், ஒரே மைக்கில், ஒரே இன்டர்ஃபேஸில் புரோ டூல்ஸில் பதிந்தாலும் ரீப்பரில் பதிந்தாலும் பதிவின் தரத்தில் வேறுபாடு இருப்பதற்கு வழியில்லை.

கலப்பது என்றால் கூட்டுவது

பதிவில் வேறுபாடு இல்லையென்றாலும் கலக்கும்போது வருமே என்று கேட்கலாம். பரவலாக நம்பப்படுவதும் அதைத்தான்.

ஒரே மளிகைச் சீட்டை இரண்டு பேரிடம் கொடுத்துக் கூட்டச் சொல்வோம். ஒருவர் தாளில் எழுதிக் கூட்டுகிறார், மற்றவர் கால்குலேட்டரில் கூட்டுகிறார். வேகம் வேறுபடும், நடுவில் ஒரு பொருளை அடித்துவிட்டு மறுபடி கூட்டச் சொன்னால் ஒருவருக்கு எளிதாகவும் மற்றவருக்குச் சிரமமாகவும் இருக்கும். ஆனால் இருவரும் சரியாகக் கூட்டினால் வரும் தொகை ஒன்றுதான். தாளில் கூட்டிய தொகை கூடுதல் செழுமையானது என்று யாரும் சொல்வதில்லை.

மிக்ஸ் என்பதும் இத்தகைய கூட்டல்தான். ஒரு குறிப்பிட்ட கணத்தில் பாடகரின் டிராக்கில், அதாவது அவருக்கான தனி ஒலித்தடத்தில், உள்ள சாம்பிள் 1000, மிருதங்கத்தினுடையது −300, வயலினுடையது 250 என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து ஒலிக்க வேண்டுமானால் மென்பொருள் செய்வது 1000 − 300 + 250 = 950 என்ற கணக்கை மட்டுமே. ஃபேடர், அதாவது ஒலி அளவை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை, செய்வது பெருக்கல். பாடகரின் ஃபேடரை ஏறக்குறைய 6 டெசிபெல் இறக்கினால் அவருடைய ஒவ்வோர் எண்ணும் பாதியாகும்; 500 − 300 + 250 = 450 என்றாகும். இதே வேலை வினாடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு டிராக்குக்கும் நடக்கிறது. இந்தக் கூட்டலும் பெருக்கலும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதில்லை.

இந்த நம்பிக்கைக்கு வரலாற்றில் ஓர் அடிப்படை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1990களில் கணினிகளுக்கு இந்தக் கணக்கைத் தனியாகச் செய்யும் வேகம் போதவில்லை. 1991இல் வந்த புரோ டூல்ஸ் போன்ற அமைப்புகள் தனி அட்டைகளில் உள்ள சில்லுகளைக் கொண்டு கணக்கிட்டன. அவை நிலைப்புள்ளிக் கணக்கு முறையைப் பயன்படுத்தின. அதாவது ஓர் எண்ணுக்கு இத்தனை இடங்கள் என்று முன்கூட்டியே வரையறுத்துவிடும் முறை. தொகை அந்த இடங்களைத் தாண்டினால் ஒலி சிதைந்துவிடும். எனவே அன்று அமைப்புக்கு அமைப்பு ஒலியில் வேறுபாடு தெரிந்ததாகச் சொன்னவர்கள் எல்லோரும் கற்பனையாகச் சொல்லவில்லை. இன்றைய மென்பொருள்கள் மிதவைப்புள்ளிக் கணக்கு முறையைப் பயன்படுத்துகின்றன. தொகை பெரிதானால் தசமப்புள்ளி தானாக நகர்ந்து இடம் கொடுக்கும் முறை அது. 32 பிட் மிதவைப்புள்ளியிலேயே கணக்குப் பிழை காதுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. பல மென்பொருள்கள் 64 பிட்டில் கூட்டுகின்றன. புரோ டூல்ஸும் 2011இல் வந்த எச்டிஎக்ஸ் அட்டைகளோடு மிதவைப்புள்ளிக்கு மாறிவிட்டது. காரணம் மறைந்த பிறகும் பேச்சு மட்டும் நிற்கிறது.

இதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே ஒலிக் கோப்புகளை இரண்டு மென்பொருள்களில் ஏற்றி, ஃபேடர்களை ஒரே அளவில் வைத்து, எதிரொலி போன்ற எந்த விளைவும் சேர்க்காமல் இரண்டிலிருந்தும் வெளியே எடுக்க வேண்டும். கிடைத்த இரு கோப்புகளையும் புதிய திட்டம் ஒன்றில் ஒரே புள்ளியிலிருந்து அடுத்தடுத்த டிராக்குகளில் வைத்து, ஒன்றின் ஃபேஸை மட்டும் புரட்ட வேண்டும். ஃபேஸைப் புரட்டுவது என்றால் கூட்டல் எண்களைக் கழித்தல் எண்களாகவும், கழித்தலைக் கூட்டலாகவும் மாற்றுவது. இரண்டு கோப்புகளும் ஒன்றேயானால் ஒவ்வோர் எண்ணும் அதன் எதிரெண்ணோடு சேர்ந்து சுழியமாகிவிடும், ஒலியே கேட்காது. இதற்கு நல் டெஸ்ட் என்று பெயர்.

சுருக்கமாக, பதிவின் தரம் மென்பொருளுக்கு வருமுன்பே முடிவாகிவிடுகிறது. கலப்பது வெறும் கூட்டல். கூட்டல் எங்கும் ஒன்றுதான்.

பிறகு ஏன் வேறுபாடு கேட்கிறது

சோதனை செய்யும்போது சிலருக்கு மௌனம் கிடைப்பதில்லை. அவர்கள் காது பொய் சொல்லவில்லை. ஆனால் காரணம் கூட்டலில் இல்லை, கூட்டலுக்கு முன் மென்பொருள் தானாக எடுத்துக்கொண்ட அமைப்புகளில் இருக்கிறது.

முதலாவது பான் லா. ஒற்றை மைக்கில் பதிந்த குரலை நடுவில் வைத்தால் அது இடது, வலது என இரண்டு ஒலிபெருக்கிகளிலும் ஒலிக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒலிப்பதைவிட இது சத்தமாகக் கேட்கும் என்பதால், நடுவில் இருக்கும்போது எவ்வளவு குறைப்பது என்று ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரு விதி உண்டு. சில 3 டெசிபெல் குறைக்கும், சில குறைப்பதே இல்லை. இதனால் ஒன்றில் நடுவிலுள்ள குரல் முன்னால் நிற்கும், மற்றொன்றில் பின்வாங்கும். இது அமைப்புகளில் மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் எண்தான். ஆனால் இதைத் தெரியாமல் ஒப்பிடுகிறவருக்கு ஒரு மென்பொருள் "குரலைத் தூக்கிக் காட்டுகிறது" என்றே தோன்றும். மேலும், இரண்டு ஒலிகளில் சற்றே சத்தமாக இருப்பதையே நம் காது சிறந்தது என்று எடுத்துக்கொள்ளும். வேறுபாடு சத்தத்தில்தான் என்பதும் அப்போது நமக்குத் தெரியாது.

இரண்டாவது, ஏபிள்டன் லைவில் உள்ள வார்ப். நீளமான ஒலிக் கோப்பு ஒன்றை உள்ளே இழுத்துப் போட்டால், அதன் வேகத்தைத் தானே கணித்துத் திட்டத்தின் வேகத்துக்கு ஏற்ப இழுக்கவோ சுருக்கவோ செய்வது அதன் இயல்பு நிலை. அப்படி இழுக்கும்போது ஒலி உண்மையாகவே மாறும், குறிப்பாக மிருதங்கத்தின் கூர்மையான சொற்கட்டுகள் மழுங்கும். லைவின் ஒலி மெலிந்தது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒலித்துண்டைத் தேர்ந்து வார்ப் பொத்தானை அணைத்தால் கோப்பு பதிந்தபடியே ஒலிக்கும்.

உடன் வரும் விளைவுகளும் வாத்தியங்களும் மூன்றாவது காரணம். அவை நிறுவனத்துக்கு நிறுவனம் உண்மையாகவே வேறுபடும். ஆனால் அவற்றுக்கு மாற்றாக வேறு பிளக்-இன்களைப் பயன்படுத்தலாம்; பிளக்-இன் என்பது முதன்மை மென்பொருளுக்குள் செருகிப் பயன்படுத்தும் துணை மென்பொருள்.

உண்மையான வேறுபாடு: காலத்தை எப்படிப் பார்க்கிறது

ஒவ்வொரு மென்பொருளும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பிறந்தது. பின்னாளில் எல்லாம் எல்லா வேலையையும் செய்யத் தொடங்கிவிட்டாலும், பிறந்த வேலையின் சாயல் அதன் திரையமைப்பில் இன்றும் இருக்கிறது. தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்.

புரோ டூல்ஸ் ஒலிநாடாவின் இடத்தைப் பிடிக்க வந்தது. இடமிருந்து வலமாக ஓடும் காலக்கோடு, அதன்மேல் வரிசையாக டிராக்குகள், பதிந்ததை வெட்டி ஒட்டுவதற்கான நேர்த்தியான கருவிகள் என்பது அதன் மையம். பலர் ஒரே நேரத்தில் வாசிப்பதைப் பதிவதும், திரைப்படத்தின் வசனத்தையும் பின்னணி ஒலிகளையும் படத்தோடு ஒட்டிவைப்பதும் அதற்குக் கைவந்தவை. கியூபேஸும் லாஜிக்கும் வேறு வழியில் வந்தவை. மிடி இணைப்பு வாய்களோடு வந்த அட்டாரி எஸ்டி கணினியில் 1989இல் கியூபேஸ் பிறந்தது. லாஜிக்கின் முன்னோடியும் அதே கணினியில் ஓடியதுதான். மிடி கட்டளைகளை எழுதித் திருத்துவது அவற்றின் தொடக்கம். ஒலிப்பதிவு பிறகு சேர்ந்தது. வாத்தியக் குழுவுக்கு எழுதி, ஒவ்வொரு சுரத்தையும் செதுக்கி வேலை செய்கிறவர்கள் இந்த இரண்டில் இயல்பாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பெல்ஜியத்தில் 1990களின் இறுதியில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் தொடங்கிய எஃப்எல் ஸ்டூடியோவில் மையம் பேட்டர்ன். ஒரு சின்னத் தாளக்கட்டை வரிசைப் பெட்டிகளில் தட்டி உருவாக்கி, அத்தகைய கட்டுகளை அடுக்கிப் பாட்டாக்குவது அதன் முறை. முதல் நாளிலேயே ஏதோ ஒன்று ஒலிக்கத் தொடங்கிவிடும் என்பதால் தொடங்குகிறவருக்கு உற்சாகம் தருவதில் அதற்கு இணை குறைவு. 2001இல் பெர்லினிலிருந்து வந்த ஏபிள்டன் லைவ், பெயருக்கு ஏற்ப மேடையை மனத்தில் வைத்தது. அதன் செஷன் காட்சியில் காலக்கோடே இல்லை; துண்டுகள் கட்டங்களில் காத்திருக்கும், எதை அழுத்துகிறோமோ அது தாளத்தோடு இணைந்து ஒலிக்கும். யோசித்தபடியே இசை செய்கிறவருக்கு இது பெரும் விடுதலை. முழுப் பாட்டும் மனத்தில் முடிவாகிவிட்டவருக்கு இந்தக் காட்சி தேவையே இல்லை.

ரீப்பர் இந்த வரிசையில் சற்றுத் தனியானது. கணினியில் பாட்டு கேட்க உதவும் வின்ஆம்ப் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் தொடங்கியது. நிறுவும் கோப்பு மிகச் சிறியது, பழைய கணினியிலும் ஓடும், ஏறக்குறைய எல்லாவற்றையும் நம் விருப்பப்படி மாற்றியமைக்கலாம். அதற்கு விலையாக, உடன் வரும் வாத்திய ஒலிகள் மிகக் குறைவு. முதல் வாரத்தில் திரை வறண்டதாகத் தோன்றும். குரலும் வாத்தியமும் பதிந்து வேலை செய்கிறவர் அந்த வாரத்தைக் கடந்துவிட்டால் வேறு எதற்கும் மாற மாட்டார் என்பது என் அனுபவம்.

கமகமும் தாளமும் கட்டத்துக்குள் வருமா

நம் இசையைச் செய்கிறவர்களுக்கு இந்தத் தேர்வில் தனியாக யோசிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. பொதுவான ஒப்பீடுகளில் இவை வருவதேயில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மிடியில் ஒரு சுரம் என்பது 0 முதல் 127 வரை உள்ள ஓர் எண். பியானோவின் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண். இரண்டு கட்டைகளுக்கு இடையில் அசைவதற்குப் பிட்ச் பெண்ட் என்ற தனிக் கட்டளை இருக்கிறது. அது 16,384 நுண்படிகள் கொண்டது, ஆகவே நுணுக்கம் போதாது என்ற குறை இல்லை. அதன் எல்லை வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஓரிடத்தில் நிற்பதில்லை. சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையில் அசைகிறது. சாதாரண காந்தாரம் எனப்படும் அதன் கட்டையிலிருந்து கீழே ரிஷபம் இரண்டு அரைச்சுரம், மேலே மத்திமம் இரண்டு அரைச்சுரம். இயல்பான எல்லைக்குள் அது மயிரிழையில் அடங்கிவிடும். அதைவிட நீண்ட ஜாருவுக்கு, அதாவது ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அசைவுக்கு, வாத்திய மென்பொருளில் எல்லையைக் கூட்ட வேண்டும்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பிட்ச் பெண்ட் ஒரு சேனலில், அதாவது மிடி கட்டளைகள் செல்லும் ஒரு வழியில், ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒன்றாக அசைக்கும். காந்தாரத்தை அசைத்தால் அதே சேனலில் நீட்டிப் பிடித்திருக்கும் சட்ஜமும் சேர்ந்து அசையும். 2018இல் ஏற்கப்பட்ட எம்பிஇ என்ற விரிவாக்கம் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் கொடுத்து இதைத் தீர்க்கிறது. லாஜிக், கியூபேஸ், பிட்விக் ஆகியவற்றில் சுரத்துக்குச் சுரம் தனியாக அசைக்கும் வசதி உண்டு. ஏபிள்டன் லைவில் 2021இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து உண்டு. ஒற்றைச் சுர வரிசையாக நாகசுரமோ குழலோ எழுதுகிறவருக்குச் சாதாரண பிட்ச் பெண்ட்டே போதும். ஆனால் அந்த அசைவின் வளைகோட்டைச் சுட்டியால் வரைந்து திருத்துவது எவ்வளவு இலகுவாக இருக்கிறது என்பதை வாங்குமுன் பார்த்துவிட வேண்டும். நம் இசைக்கு அதில்தான் மணிக்கணக்கில் நேரம் செலவாகும்.

தாளத்தில் கேள்வி கட்டத்தைப் பற்றியது. திரையில் சுரங்களைப் பொருத்த உதவும் செங்குத்துக் கோடுகளின் வலையைக் கட்டம் என்கிறேன். ஆதி தாளத்துக்குத் தொல்லை இல்லை. மிஸ்ர சாபுவை ஏழு எட்டு (7/8) என்ற அளவில் எல்லா மென்பொருளிலும் அமைத்துவிடலாம். கண்ட நடை வரும்போதுதான் சோதனை, ஏனென்றால் ஓர் அட்சரத்தை ஐந்தாகப் பிரிக்க வேண்டும். ரீப்பரில் கட்டத்தின் பின்னத்தை நாமே தட்டச்சு செய்யலாம்; இருபதில் ஒன்று என்று கொடுத்தால் கால் சுரம், அதாவது இங்கே ஓர் அட்சரம், ஐந்தாகப் பிரிந்துவிடும். சில மென்பொருள்களில் இரண்டின் மடங்கும் மூன்றாகப் பகுப்பதும் மட்டுமே நேரடியாகக் கிடைக்கும். ஐந்துக்குச் சுற்றுவழி தேட வேண்டியிருக்கும். விருத்தமும் ஆலாபனையும் பதிகிறவருக்கோ கட்டமே தடை. அவர் கட்டத்தை அணைத்துவிட்டு, காலக்கோட்டில் நேராகப் பதிவு செய்யும் மென்பொருளைத் தேடுவது நல்லது.

இதுவரை பார்த்ததில், ஒலியை வைத்து அல்ல, செய்யப்போகும் வேலையை வைத்தே மென்பொருள்கள் பிரிகின்றன என்பது தெரிந்திருக்கும். இனி வேலைக்கு வெளியே இருந்து நம் கையைக் கட்டும் சில காரணங்களைப் பார்க்கலாம்.

கணினியும் தாமதமும்

லாஜிக் ஆப்பிள் சாதனங்களில் மட்டுமே ஓடும். அதை உருவாக்கிய இமேஜிக் நிறுவனத்தை 2002இல் ஆப்பிள் வாங்கியபின் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது. விண்டோஸ் கணினி வைத்திருப்பவர் லாஜிக்குக்காகக் கணினியையே மாற்ற வேண்டிய அவசியம் எனக்குப் புலப்படவில்லை. பிளக்-இன்களிலும் இத்தகைய பிரிவு உண்டு: ஸ்டெயின்பெர்க் 1996இல் கொண்டுவந்த விஎஸ்டி பெரும்பாலானவற்றில் ஓடும், ஆனால் லாஜிக் ஏயூ வகையையும் புரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் வகையையும் மட்டுமே ஏற்கும். பெரும்பாலான நிறுவனங்கள் மூன்று வகையிலும் தருகின்றன. இலவசப் பிளக்-இன்களில்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

பாடும்போது ஹெட்ஃபோனில் நம் குரல் சற்றுப் பிந்திக் கேட்பதற்கும் மென்பொருளையே பலரும் குறை சொல்கிறார்கள். இந்தத் தாமதத்தைத் தீர்மானிப்பது பஃபர். கணினி ஒரே மூச்சில் எடுத்துக் கணக்கிடும் சாம்பிள்களின் தொகுதி அது. வினாடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் 256 சாம்பிள் பஃபர் ஏறக்குறைய 5.8 மில்லிவினாடி, 1,024 என்றால் 23. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் இது சேர்வதால் தாமதம் இரட்டிக்கும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் ஏஎஸ்ஐஓ டிரைவரை, அதாவது இன்டர்ஃபேஸைக் கணினியோடு இயக்கும் மென்பொருளை, நிறுவி, பதியும்போது பஃபரைக் குறைத்து, கலக்கும்போது கூட்டிவைத்தால் தொல்லை தீரும். மென்பொருளை மாற்றுவதால் தீராது.

யாரோடு வேலை செய்கிறீர்கள்

பல நேரங்களில் தேர்வை முடிவு செய்வது இதுவாகத்தான் இருக்கும். ஒரு மென்பொருளில் சேமித்த திட்டத்தை மற்றொன்று பெரும்பாலும் திறக்காது. ஆகவே திரைப்பட ஒலித்துறையில் உதவியாளராகச் சேர எண்ணுகிறவர் புரோ டூல்ஸ் கற்றே ஆக வேண்டும். சென்னையின் ஒலிக்கலவைக் கூடங்களில் புழங்குவது அதுதான். அங்கே அது வழங்குவதற்குக் காரணம் ஒலியின் மேன்மை அல்ல, எல்லோரிடமும் அது இருப்பது. அதேபோல், தெரிந்த நண்பர் ஒருவர் எஃப்எல் ஸ்டூடியோவில் தேர்ந்தவராக இருந்து, சந்தேகம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தரக்கூடியவராகவும் இருந்தால், வேறெந்த ஒப்பீட்டையும்விட அது வலுவான காரணம்.

ஒரே நிறுவனத்தின் கோப்பை நம்பி இருப்பதில் உள்ள இடரையும் நினைவில் கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த கேக்வாக் சோனார் மென்பொருளின் வளர்ச்சியை 2017 நவம்பரில் கிப்சன் நிறுவனம் நிறுத்தியது. 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி விலையில்லாமல் வெளியிட்டதால் பயனாளர்கள் தப்பித்தார்கள். எல்லா மென்பொருளுக்கும் அப்படி ஒருவர் வருவார் என்று சொல்ல முடியாது. முடித்த ஒவ்வொரு பாடலிலும், எல்லா டிராக்குகளையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தனித்தனி வேவ் கோப்புகளாக வெளியே எடுத்து, பாட்டின் வேகத்தையும் சுருதியையும் எழுதிவைத்துவிட்டால், எந்த மென்பொருளிலும் அதை மறுபடி எழுப்பலாம். விளைவுகளோடு ஒரு தொகுதி, விளைவுகள் இல்லாமல் ஒரு தொகுதி என இரண்டும் இருப்பது நல்லது. பிளக்-இன் அமைப்புகள் பாட்டோடு சேர்ந்து வேறு மென்பொருளுக்கு வராது.

விலையும் வெள்ளோட்டமும்

ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 டாலர். 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம். எஃப்எல் ஸ்டூடியோவை ஒருமுறை வாங்கினால் பிந்தைய பதிப்புகள் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும். கியூபேஸும் லைவும் சிறியது, நடுத்தரம், முழுமையானது என்று படிநிலைகளில் வருகின்றன. அவற்றின் எளிய பதிப்புகள் பல இன்டர்ஃபேஸ்களோடும் மிடி கீபோர்டுகளோடும் சேர்ந்தே வருவதால், புதிதாக வாங்குமுன் ஏற்கெனவே வாங்கிய பெட்டிக்குள் உள்ள உரிம அட்டையைப் பார்ப்பது பயன் தரும். புரோ டூல்ஸுக்கு எட்டு ஒலி டிராக்குகள் கொண்ட இலவசப் பதிப்பு உண்டு. ஒரு குரல், ஒரு தம்புரா, தாளம், ஒன்றிரண்டு வாத்தியம் என்ற அளவுக்கு அது போதும்.

பட்டியலைப் படித்து முடிவு செய்வதைவிட, இரண்டை மட்டும் தேர்ந்து ஒரே சிறு வேலையை இரண்டிலும் செய்து பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். கைபேசியில் பாடிய ஒரு பல்லவியே போதும். அதை உள்ளே ஏற்றி, கீழே ஒரு தாளக்கட்டு போட்டு, தவறிய ஓரிடத்தை வெட்டி மாற்றி, குரலுக்குச் சிறிது எதிரொலி சேர்த்து, ஒரே கோப்பாக வெளியே எடுக்க வேண்டும். எந்த இடத்தில் நின்று உதவிக் காணொளி தேட வேண்டியிருந்தது, எந்த இடத்தில் மென்பொருள் இருப்பதே மறந்து பாட்டில் மனம் போனது என்பதைக் குறித்துக்கொண்டால் விடை அந்தக் குறிப்பிலேயே இருக்கும். எஃப்எல் ஸ்டூடியோவை இப்படிச் சோதிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் இலவசச் சோதனைப் பதிப்பில் திட்டத்தைச் சேமிக்க முடியும், ஆனால் உரிமம் வாங்கும்வரை மறுபடி முழுமையாகத் திறக்க முடியாது. எனவே அந்தப் பல்லவியை ஒரே அமர்வில் முடித்து, எழுமுன் ஒலிக் கோப்பாக வெளியே எடுத்துவிட வேண்டும்.